ஆண் பூனைக்கு மறுபடியும் நீர்க்கடுப்பு: அடைப்பு திரும்புகிறதா என்று எப்படி அறிவது?

மூன்றுமாவடி வாசகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நான்கு வயது ஆண் பூனை ஒன்று இருக்கிறது. கருத்தடை செய்தாகிவிட்டது, வீட்டை விட்டு வெளியே போகாது, எடை ஐந்தரை கிலோ. சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை பார்க்க ஊரிலிருந்து வந்த உறவினர் பன்னிரண்டு பேர் நான்கு நாள் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்கள். வெளியே வேட்டுச் சத்தமும் கூட்டமும், உள்ளே குழந்தைகளின் ஓட்டமுமாக இருந்த அந்த நான்கு நாளும் அவன் பீரோவுக்கு அடியிலேயே கிடந்தான். உறவினர்கள் கிளம்பிய மறுநாள் காலையிலிருந்து மணல் தட்டில் போய் உட்கார்ந்து முக்குவதும், எழுந்து வந்து அடியை நக்குவதும், மறுபடி போய் உட்காருவதுமாக இருந்தான். மலச்சிக்கல் என்று நினைத்து அம்மா விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். மாலையில் ஒரு மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமலேயே சிறுநீர்த் தொற்று என்று சொல்லி ஆன்டிபயாடிக் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்.

மறுநாள் வாந்தி எடுத்து, உடல் சில்லிட்டு, தலையைக்கூடத் தூக்க முடியாமல் கிடந்தவனை வேறொரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிறுநீர் முழுவதுமாக அடைத்திருப்பதாகவும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு குறைந்துவிட்டதாகவும் சொன்னார்கள். மயக்க மருந்து கொடுத்து டியூப் போட்டபோது வந்த சிறுநீர் பீட்ரூட் சாறு போல் இருந்தது. மூன்று நாள் டியூபும் டிரிப்ஸுமாக இருந்து பிழைத்து வந்துவிட்டான்.

டியூப் எடுத்து இன்று ஐந்தாவது நாள். காலையிலிருந்து ஏழு முறை மணலுக்குப் போயிருக்கிறான். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் எஃப்.எல்.யு.டி.டி. என்று எழுதியிருக்கிறது, அது என்ன நோய் என்று தெளிவாகத் தெரியவில்லை. எங்கள் பகுதியில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும், அதனால் கல் உண்டாயிருக்குமா? வாழைத்தண்டுச் சாறும் சிறுகண்பீளைக் கஷாயமும் கொடுத்தால் கல் கரையும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்கிறார், கொடுக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

திருமங்கலம் கால்நடை மருத்துவர் எழுதியது:

தம்பி, முதலில் மணல் தட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம். கெட்டியாகும் மணல் என்றால் கட்டிகளைக் கரண்டியால் எடுத்து அளவைப் பாருங்கள். ஏழு முறை போனதில் சுண்டைக்காய் அளவுக் கட்டிகளாவது ஆறேழு இருந்தால் சிறுநீர் வந்துகொண்டிருக்கிறது, கடுப்பு மட்டும்தான் இருக்கிறது. கட்டியே இல்லை, அல்லது ஒன்றிரண்டு சொட்டு ஈரம்தான் இருக்கிறது என்றால் அது மறுபடி அடைப்பு. அந்த நிலையில் காலை வரை காத்திருக்க வேண்டாம். டியூப் போட்ட இடத்துக்கே உடனே கொண்டுபோங்கள். அடைப்பு எடுத்த முதல் வாரத்திலேயே திரும்ப அடைத்துக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறோம்.

பின்காலுக்கு முன்னால் அடிவயிற்றில் இரண்டு விரலை வைத்து மெதுவாகத் தடவியும் பார்க்கலாம். அடைத்த சிறுநீர்ப்பை கல்லுப்போல் இறுகிய எலுமிச்சம்பழம் அளவிலிருந்து சாத்துக்குடி அளவு வரை கையில் தட்டுப்படும், தொட்டவுடன் பூனை கத்தும் அல்லது கடிக்க வரும். எக்காரணம் கொண்டும் அதை அமுக்கிச் சிறுநீரை வெளியேற்ற முயலாதீர்கள், பை கிழிந்துவிடும்.

நம் மொழியில் இதற்கு மூன்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. எரிச்சலோடு அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போவது நீர்க்கடுப்பு, ஒன்றுமே வராமல் நிற்பது நீரடைப்பு, கல் வந்து வழியை மறித்து நிற்பது கல்லடைப்பு. கிளினிக்குக்கு வருகிறவர்கள் இந்த மூன்றில் எது என்று சொல்லிவிட்டாலே எங்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். பெரும்பாலோர் "வயிறு இறுகியிருக்கிறது, வெளிக்குப் போகவில்லை" என்றுதான் சொல்கிறார்கள். முக்குவதைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தோன்றும் என்பதால் உங்கள் அம்மா நினைத்ததில் தவறில்லை. ஆனால் விளக்கெண்ணெயால் பேதியாகி உடலில் உள்ள நீரும் குறையும், நேரமும் போய்விடும். பெண் பூனைக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் அகலமாகவும் குட்டையாகவும் இருப்பதால் முழு அடைப்பு அபூர்வம். ஆண் பூனைக்கு அது நீளமானது, நுனியில் மிகக் குறுகலானது. பையின் உட்சுவர் வீங்கி உதிரும் சளியும் புரதமும் நுண்ணிய உப்புப் படிகங்களும் சேர்ந்து பற்பசை போல ஒரு சிறு அடைப்பான் உருவானால் போதும், வழி முழுதும் மூடிவிடும். சில பூனைகளுக்கு அடைப்பான்கூட இல்லாமல் குழாய்த் தசை இறுகிக்கொள்வதாலேயே நின்றுவிடும். பின்னோக்கித் தேங்கும் அழுத்தத்தால் சிறுநீரகம் வேலை செய்யாமல் பொட்டாசியம் ஏறுகிறது. ஒரு நாளுக்குள் நிலைமை மோசமாகி இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும்.

சீட்டில் உள்ள எஃப்.எல்.யு.டி.டி. என்பது ஒரு நோயின் பெயர் அன்று. சிறுநீர்ப்பையிலும் அதற்குக் கீழே உள்ள வழியிலும் வரும் எல்லாத் தொல்லைகளுக்குமான பொதுப் பெயர் அது. 1970களில் இதையெல்லாம் ஒரே நோய்போலக் கருதி வேறு பெயர் சொன்னார்கள். 1984க்குப் பிறகுதான், காரணம் பலவாக இருக்கலாம், ஒவ்வொன்றையும் தேட வேண்டும் என்ற கருத்தோடு இந்தப் பெயர் வந்தது. பத்து வயதுக்குள் உள்ள பூனைகளில் இந்தத் தொல்லையோடு வருபவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குத் தொற்றும் இருக்காது, கல்லும் இருக்காது. காரணம் தெரியாத சிறுநீர்ப்பை அழற்சி என்றுதான் அதைச் சொல்கிறோம். அது மனக்கலக்கத்தோடு நெருங்கிய தொடர்புடையது. நீங்கள் எழுதிய கூட்டமும் வேட்டுச் சத்தமும் பீரோவுக்கு அடியில் கிடந்த நான்கு நாளும் எனக்கு அதைத்தான் நினைவூட்டுகின்றன. இளம் பூனைக்குக் கிருமித் தொற்று மிகக் குறைவு என்பதால் ஆன்டிபயாடிக்கால் பயன் இருக்காது. வயதான பூனை, சிறுநீரக நோய் அல்லது சர்க்கரை நோய் உள்ள பூனை என்றால் கதை வேறு. இருந்தாலும் உங்கள் பூனைக்கு எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுத்துக் கல் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

வாழைத்தண்டும் சிறுகண்பீளையும் வேண்டாம். காப்புக் கட்டும் பூளைப்பூவை நம் ஊரில் கல்லுக்குக் குடிப்பது வழக்கம்தான். ஆனால் சிறுநீரை அதிகமாக்கும் எதுவும், வழி மூடியிருக்கும்போது பைக்குள் அழுத்தத்தைத்தான் கூட்டும். வாயில் ஊற்றிப் பிடித்து அமுக்குவதும் இந்த நேரத்தில் பூனைக்குப் பெரிய தண்டனை. அதைவிட முக்கியமாக, வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். அதில் பாதி மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும். ஈறு பழுப்பாகி முகம் வீங்கி வந்த பூனைகளை நான் பார்த்திருக்கிறேன். கடுப்புக்கு எழுதிக் கொடுத்த வலிநீக்கியையும் தசை தளர்த்தும் மருந்தையும் நாள் தவறாமல் கொடுங்கள்.

மூன்றுமாவடி வாசகர் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. தட்டைக் கிளறிப் பார்த்தேன். ஐந்து சிறு கட்டிகள் இருந்தன, நீங்கள் சொன்ன சுண்டைக்காய் அளவுதான். ஒன்றில் இளஞ்சிவப்பாக ரத்தக் கறை இருந்தது. வயிற்றைத் தொட்டால் நெல்லிக்காய் அளவுக்கு மென்மையாக ஏதோ தட்டுப்படுகிறது, கத்தவில்லை. இருந்தாலும் மனது கேட்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு இப்போதுதான் வந்தோம். அடைப்பு இல்லை, பை வீக்கம் இன்னும் வற்றவில்லை என்றார்கள். ஸ்கேனில் கல் இல்லை. உணவையும் தண்ணீரையும் மாற்றச் சொன்னார்கள். பிஸ்கட் போன்ற உலர் தீனிதான் மூன்று வருடமாகக் கொடுக்கிறோம். தண்ணீர்க் கிண்ணத்தை அவன் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அனுபவம் உள்ளவர்கள் எப்படிப் பழக்கினீர்கள்?

செல்லூர் வாசகி எழுதியது:

தம்பி, என் வீட்டுப் பூனைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே நிலைதான். மூன்று மாதத்தில் இரண்டு முறை அடைத்தது. அதற்குப் பிறகு ஒரு முறைகூட அடைக்கவில்லை என்பதால் நான் செய்தவற்றை எழுதுகிறேன்.

உலர் தீனியில் நூற்றுக்குப் பத்து பங்குதான் ஈரம்; பவுச்சில் வரும் ஈரத் தீனியில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது மில்லி நீர் பூனைக்கு வேண்டும். உங்கள் பூனைக்கு அது கால் லிட்டருக்குச் சற்று மேல். உலர் தீனியை மட்டும் தின்னும் பூனை அவ்வளவையும் கிண்ணத்திலிருந்து குடிக்காது. அதன் முன்னோர் வறண்ட நிலத்து விலங்குகள், தாகத்தை அடக்கிச் சிறுநீரைக் கெட்டியாக்கிக்கொள்ளும் உடம்பு என்று என் மருத்துவர் விளக்கினார். நான் ஒரே நாளில் மாற்றவில்லை. உலர் தீனியில் வெதுவெதுப்பான நீரை ஒரு தேக்கரண்டி விட்டு ஆரம்பித்தேன். பத்து நாளில் கஞ்சிப் பதத்துக்குக் கொண்டுவந்தேன், அதற்குப் பிறகு ஈரத் தீனியைப் பாதி கலந்தேன். பவுச் எல்லா நாளும் கட்டுப்படியாகாது என்பதால், வாரத்தில் இரண்டு நாள் மத்தி மீனை உப்பும் மஞ்சளும் சேர்க்காமல் வேகவைத்து முள் எடுத்து, வெந்த தண்ணீரோடு சேர்த்துக் கொடுக்கிறேன். குழம்பில் கிடந்த மீனைக் கழுவிக் கொடுப்பது கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். கருவாடும் வேண்டாம், அதில் நீரும் இல்லை, உப்பும் அதிகம்.

தண்ணீர் விஷயத்தில் நான் கண்டது ஒன்றைச் சொல்கிறேன். எவர்சில்வர் கிண்ணத்தைத் தொடாத பூனை, மாட்டுத்தாவணிப் பக்கம் வாங்கிய அகலமான மண்சட்டியில் இரவில் ஊற்றி வைத்த குளிர்ந்த நீரை விடியற்காலையில் நின்று நிதானமாகக் குடித்தது. அந்த நாக்குச் சத்தம் கேட்டு நான் எழுந்து உட்கார்ந்து எண்ணினேன், நாற்பதுக்கு மேல் நக்கியது. இப்போது வீட்டில் நான்கு இடத்தில் சட்டி இருக்கிறது, தீனித் தட்டுக்கும் மணலுக்கும் தள்ளி. போர் தண்ணீர் உப்பாக இருப்பதால் கல் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் மருத்துவர் சொன்னார். ஆனால் சுவை பிடிக்காமல் குடிக்காமல் இருந்துவிடும் என்பதால் நாம் குடிக்கும் கேன் தண்ணீரையே ஊற்றுகிறேன்.

மணல் தட்டு ஒரு பூனைக்குக் குறைந்தது இரண்டு இருக்கட்டும், ஆள் நடமாட்டம் இல்லாத வேறு வேறு மூலையில். தீபாவளிக்கு முந்தைய நாளே உள்ளறை ஜன்னலை மூடி, பழைய சேலை விரித்த அட்டைப்பெட்டி, ஒரு சட்டித் தண்ணீர், ஒரு மணல் தட்டு எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிடுகிறேன். விருந்தாளிகளிடம் அந்த அறைக் கதவைத் திறக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது, இப்போது இல்லை.

மேலூர் வாசகி எழுதியது:

பூனையைப் பற்றியே பேச்சாக இருக்கிறது, நாய் வளர்ப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். என் பெண் பக் நாய்க்கு ஒரு வருடமாக அடிக்கடி சிறுநீர் போவதும் வீட்டுக்குள் சொட்டுவதுமாக இருந்தது. ஆன்டிபயாடிக் கொடுத்தால் பத்து நாள் நன்றாக இருக்கும், பிறகு திரும்பிவிடும். இப்படி நான்கு முறை மருந்து மட்டும் எழுதித் தந்தார்கள். ஒருவரும் படம் எடுக்கச் சொல்லவில்லை. ஐந்தாவது முறை வேறொருவர் எக்ஸ்ரே எடுத்ததில் கோலிக்குண்டு அளவில் கல் தெரிந்தது. கல்லுக்குள் கிருமி ஒளிந்திருப்பதால்தான் மருந்து நின்றதும் திரும்பியிருக்கிறது. அறுவை செய்து எடுத்தார்கள், இப்போது நலம். ஆனால் உணவு மூலமே கரைத்திருக்கலாம் என்று பிறகு ஒருவர் சொன்னபோது மிகவும் வருத்தமாக இருந்தது. அது உண்மையா, ஐயா?

திருமங்கலம் கால்நடை மருத்துவர் எழுதியது:

உண்மைதான் அம்மா, ஆனால் எல்லாக் கல்லுக்கும் அன்று. ஸ்ட்ருவைட் என்னும் மக்னீசியக் கல் கரையும். கால்சியம் ஆக்சலேட் கரையவே கரையாது, எடுத்துத்தான் ஆக வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பூனைக்கு ஸ்ட்ருவைட் பெரும்பாலும் கிருமி இல்லாமலேயே உண்டாகிறது. நாய்க்கு, அதிலும் பெண் நாய்க்கு, யூரியாவைச் சிதைத்துச் சிறுநீரைக் காரமாக்கும் கிருமிகளால்தான் உண்டாகிறது. அதனால் நாய்க்குக் கரைக்கும் உணவோடு ஆன்டிபயாடிக்கும் சேர்ந்தே போக வேண்டும், படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே சில வாரம் பொறுக்க வேண்டும். கல் இல்லாத சாதாரணத் தொற்றுக்கு மூன்று முதல் ஐந்து நாள் மருந்து போதும். நான்கு முறை திரும்பியது என்றால் மருந்தை மாற்றாமல் காரணத்தைத் தேடியிருக்க வேண்டும். எடுத்த கல்லை வீசிவிடாமல் என்ன வகை என்று பகுத்துப் பார்ப்பது நல்லது. அடுத்த கல் வராமல் இருக்க எந்த உணவு என்பதை அதுதான் சொல்லும். டால்மேஷன் வளர்ப்பவர்கள் கவனிக்க: அந்த இனத்துக்குப் பிறவியிலேயே யூரிக் அமிலம் அதிகமாக வெளியேறுவதால் அதற்கு வரும் கல் பெரும்பாலும் யூரேட், ஈரல் போன்ற உணவு ஆகாது.

சிறுநீர் மாதிரி கொண்டுவருபவர்களுக்கும் ஒன்று. ஃபிரிட்ஜில் வைத்த சிறுநீரில் உடலுக்குள் இல்லாத படிகங்கள் புதிதாக உண்டாகிவிடும். எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் கொடுங்கள், படிகம் தெரிந்த மாத்திரத்தில் கல் என்று பயந்துவிடாதீர்கள்.

மூன்றுமாவடி வாசகர் எழுதியது:

ஐயா, இதையும் கேட்டுவிடுகிறேன். தெருவில் நாங்கள் சோறு வைக்கும் ஆண் நாய் ஒன்று இருக்கிறது, கருத்தடை செய்யவில்லை. இரண்டு வாரமாக அது படுத்த இடத்தில் ரத்தச் சொட்டுகள் இருக்கின்றன. அதற்கும் நீர்க்கடுப்பாக இருக்குமா?

திருமங்கலம் கால்நடை மருத்துவர் எழுதியது:

சிறுநீர் கழிக்காத நேரத்திலும் ரத்தம் சொட்டுகிறது என்றால், அது சிறுநீர்ப்பையிலிருந்து வருவதாக இருக்காது. தெருநாய்களில் இணைசேரும்போது பரவும் ஒரு புற்றுக்கட்டி இருக்கிறது. குறியின் உறையைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தால் காலிஃபிளவர் போலச் சிவந்த சதை தெரியும். வாரம் ஒன்றாகச் சில வாரம் வின்கிறிஸ்டின் ஊசி போட்டால் பெரும்பாலும் முற்றிலும் குணமாகிவிடும். வயதான நாயாக இருந்தால் புராஸ்டேட் வீக்கமாகவும் இருக்கலாம், அதற்குக் கருத்தடையே மருத்துவம். சிறுநீரே காப்பி நிறத்தில் வந்து காய்ச்சலும் உண்ணியும் இருந்தால் அது ரத்த அணுக்களை அழிக்கும் உண்ணிக் காய்ச்சல், அதற்கும் தாமதிக்கக் கூடாது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தல்லாகுளம் கால்நடை பன்முக மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடிந்தால் கொண்டுபோங்கள்.

உங்கள் பூனையைப் பற்றி இன்னொன்று. எல்லாம் செய்தும் மூன்றாவது நான்காவது முறை அடைத்தால், குழாயின் குறுகலான நுனியை நீக்கி வழியை அகலமாக்கும் அறுவை இருக்கிறது. திருநெல்வேலி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் கேட்டுப் பார்க்கலாம். அது அடைப்பைத்தான் தடுக்கும், அழற்சியைத் தடுக்காது என்பதால் செல்லூர் அம்மா எழுதியதையெல்லாம் அப்போதும் செய்யத்தான் வேண்டும்.

மூன்றுமாவடி வாசகர் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நாய்க்கு ஐயா சொன்ன கட்டியேதான். நான்கு பேராகப் பிடித்து ஆட்டோவில் கொண்டுபோனோம், இரண்டு ஊசி முடிந்திருக்கிறது, சொட்டுவது நின்றுவிட்டது. பூனைக்குக் கடுப்பு எட்டாவது நாளே அடங்கியது. மண்சட்டியை அவன் முதல் வாரம் முகர்ந்துவிட்டுப் போய்விட்டான். மொட்டைமாடிப் படிக்கட்டின் அடியில் கொண்டுபோய் வைத்த பிறகுதான் குடிக்கிறான். தீனியில் இப்போது பாதி ஈரம். அம்மா ஒரு நோட்டில் தேதி போட்டு மணல் கட்டிகளை எழுதி வருகிறார்கள். நேற்றைய கணக்கு நான்கு கட்டிகள், அதில் மூன்று எலுமிச்சை அளவு.